எழுத்தும் ஒரு சுரங்கமோ?

2025ஆம் வருஷம் டிசம்பர் 8ந் தேதி மத்திய சர்க்காரின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டு இலாகா ஓர் ஆலோசனை அறிக்கையை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைப் பயிற்றுவிக்கும் கம்பெனிகள், தாம் சட்டப்படி பெற்ற எந்த எழுத்தையும் அதன் ஆசிரியரைக் கேளாமலே அப்பயிற்சிக்கு உபயோகித்துக் கொள்ளலாம். அதற்கு ஈடாகத் தமது வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகச் செலுத்த வேண்டும். ஆசிரியருக்கு மறுக்கும் உரிமை இராது. இதுவே அவ்வறிக்கையின் சாரம். எழுதுகோலால் ஜீவிப்போர் யாவரையும் தொடும் இந்த யோசனையைத் தமிழர் ஊன்றிக் கவனிப்பது அவசியம்.

இதன் பூர்வோத்தரம் வருமாறு. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. என்னும் செய்தி ஸ்தாபனம், தன் செய்திகளை அனுமதியின்றி எடுத்து இயந்திரத்தைப் பயிற்றுவித்ததாக அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ கம்பெனி மீது டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. தனது கணினிகள் இந்தியாவில் இல்லையாதலால் இந்தியக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்றும் பிரதிவாதி வாதித்தது. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தியது. அதன் 52ஆம் பிரிவு சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பிறர் எழுத்தைக் கையாள இடந்தருகிறது. ஒரு புஸ்தகசாலை முழுவதையும் ஒரே விழுங்காக விழுங்கும் யந்திரத்தை அச்சட்டத்தை இயற்றியவர்கள் கனவிலும் கண்டதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2025 ஏப்ரலில் சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தனர். மேற்படி அறிக்கை அக்கமிட்டியின் பலன்.

பிற தேசத்தார் என்ன செய்தனர்? ஜப்பான் 2018இல் சட்டத்தைத் திருத்தி இத்தகைய உபயோகத்துக்குப் பெரிதும் வழி திறந்துவிட்டது. ஐரோப்பா 2019இல் அனுமதி கொடுத்தபோதிலும், வேண்டாமென்று அறிவிக்கும் உரிமையை ஆசிரியருக்கு விட்டுவைத்தது. அமெரிக்காவில் 2025 ஜூனில் ஒரு நீதிபதி, பயிற்றுவித்தல் நியாயமான உபயோகமே. ஆனால் திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைப்பது நியாயமாகாது என்று தீர்ப்பளித்தார். அவ்வழக்கில் ஆந்த்ரோபிக் கம்பெனி, நூலொன்றுக்குச் சுமார் 3,000 டாலர் வீதம், 150 கோடி டாலர் கொடுத்து ராஜியாக முன்வந்தது. நமது அறிக்கை காட்டும் வழி இவற்றில் எதுவுமன்று. இலவசமுமில்லை, மறுப்புமில்லை. கட்டாயமாக எடுத்துக்கொண்டு, பிறகு விலை கொடுப்பது.

இதற்குச் சட்ட பாஷையில் கையகப்படுத்தல் என்று பெயர். நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்தில் வசிக்கும் நமக்கு இது புதிய வார்த்தையன்று. பதிப்புரிமைச் சட்டம் பிறந்த அதே 1957இல்தான் நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். அதற்காகச் சுற்று வட்டாரத்தில் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 2023 ஜூலையில், வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும் வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைக் கண்டவர்கள், காகிதத்திலுள்ள உரிமைக்கும் கழனியிலுள்ள உரிமைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அறிவார்கள்.

அந்த நிலத்துக்காவது சட்டம் என்ன சொல்லுகிறது? வெள்ளைக்காரன் இயற்றிய 1894ஆம் வருஷத்துச் சட்டமே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லிற்று. விலை போதாதென்றால் கோர்ட்டுக்குப் போக வழி வைத்தது. 2013ஆம் வருஷத்துச் சட்டமோ, பொதுக் காரியத்துக்கென்று தனியார் கம்பெனிக்காக நிலம் எடுப்பதானால், பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு 80 பேரின் முன்சம்மதம் வேண்டுமென்று விதித்தது. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளில் பெரியவை தனியார் கம்பெனிகள். அவற்றுள்ளும் மிகப் பெரியவை அந்நியக் கம்பெனிகள். நிலத்துக்கு நூற்றுக்கு 80 பேர் சம்மதிக்க வேண்டும். எழுத்துக்கு ஒருவர் சம்மதமும் வேண்டாம் என்றால், ஒரு ஏக்கர் புஞ்சையைவிட ஆயுட்கால உழைப்பு அற்பமானது என்றா சர்க்கார் கருதுகின்றனர்?

எதிர்க்கட்சியாரின் வாதத்திலும் நியாயமுண்டு. ஒவ்வோர் ஆசிரியரையும் தேடிச் சென்று உடன்படிக்கை எழுதுவது இயலாத காரியம். பணபலமில்லாத இந்தியக் கம்பெனி அதற்குள் மூழ்கிவிடும். தமிழ் எழுத்தே எட்டாமற்போனால் இயந்திரமும் தமிழறியாது. நம் பாஷை பின்தங்கும். இவற்றை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். பொது நன்மைக்காக எழுத்துரிமையை எடுப்பது தமிழருக்குப் புதிதுமன்று. 1949இல் சென்னை சர்க்கார் பாரதியாரின் நூல்களின் உரிமையை எடுத்துக்கொண்டு, பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கினர். ஆனால் அங்கே எடுத்தவர் ஜனங்களின் சர்க்கார். கவியின் குடும்பத்தாருக்குப் பணம் கொடுத்தனர். பலனை அனுபவித்தவர் எவரும் அச்சிட்டுப் பாடத்தகுந்த பொது ஜனங்கள். இங்கேயோ எடுப்பவர் வியாபாரி. பலனும் அவருடைய பெட்டியிலேயே போய்ச் சேரும்.

பணப் பங்கீட்டிலும் சந்தேகம் உண்டு. ராயல்டியை வசூலிக்க மத்தியில் ஒரே ஸ்தாபனம் அமைக்கப்படுமாம். அதில் அங்கம் வகிப்பவை சங்கங்களே. சங்கத்தில் சேராதவர் தம் நூலைப் பதிவு செய்துகொண்டு பங்கு பெறலாமாம். சிறு பத்திரிகைகளில் முப்பது வருஷம் கதை எழுதி, கிராமத்தில் ஓய்ந்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் டில்லியில் பதிவு செய்துகொள்வது எப்படி? நஷ்ட ஈடு சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. உடையவன் கைக்கு வந்து சேர வேண்டும்.

ஆகையால், இந்த யோசனை சட்டமாகும் முன் ஐந்து ஷரத்துகளைச் சேர்க்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். எந்தெந்த நூல்கள் எடுக்கப்பட்டன என்ற ஜாபிதாவை ஒவ்வொரு கம்பெனியும் வெளியிட வேண்டும். வேண்டாமென்று அறிவிக்கும் ஆசிரியரின் எழுத்தை விட்டுவிட வேண்டும். பதிவு தமிழிலேயே, ஜில்லாதோறும் நடக்க வேண்டும். பதியாதவர் பங்கு காலாவதியாகாமல் அவர் வாரிசுகளுக்காகக் காக்கப்பட வேண்டும். வசூல் ஸ்தாபனத்தில் ஒவ்வொரு தேச பாஷைக்கும் பிரதிநிதி இருக்க வேண்டும். தமிழ் எழுத்தாளர் சங்கங்களும் பிரசுரகர்த்தாக்களும் பார்லிமெண்டிலுள்ள நம் பிரதிநிதிகளும் இவற்றை ஒரே குரலாக வற்புறுத்துவார்களாக. மண்ணைத் தோண்டியபோது கற்ற பாடத்தை, மனத்தைத் தோண்டும்போது மறப்பது தமிழருக்கு அழகாகாது.