கம்பெனி சர்வீஸா, பழகிய பட்டறையா?

ஆம்பூரில் தைத்த ஷூ எந்தப் பெயரில் ஐரோப்பியக் கடையில் விற்கிறது என்பது அதைத் தைத்தவர்களுக்குத் தெரியும். தோல் பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ பதனிடப்பட்டிருக்கும். மேல்பாகத்தை ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கும். பெட்டியில் ஏறும் பெயர் மட்டும் வெளிநாட்டுக்காரருடையது. விலையில் பெரும்பங்கு அந்தப் பெயருக்குத்தான் போகிறது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கார் உதிரிபாகமும் இதே வழியில்தான் பிறக்கிறது. பெரும்பாலான கார் கம்பெனிகள் பிரேக்கையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் தாமே செய்வதில்லை. பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை நமக்குப் பக்கத்திலேயே, சோளிங்கரில் இருக்கிறது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் என்றால் பாடியிலேயே லூகாஸ் டிவிஎஸ். இப்படிப்பட்ட சப்ளையர்கள் கார் கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியில் போட்டு வெளிக்கடைக்கும் அனுப்புகிறார்கள். பெட்டி மாறும்போது விலையும் மாறுகிறது. கிளட்ச், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட், ஏசி கம்ப்ரசர் என்று பெரிய செலவு வந்து நிற்கும்போது காரை யாரிடம் விடுவது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் நமக்கு இது சொகுசுக்காரர்களின் கேள்வி அல்ல. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றி வரும் வேன், சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளைக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து கூட்டிவரும் டாக்சி, தோல் மாதிரிகளோடு சென்னைக்கு ஓடும் கார் எதுவானாலும், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நின்றது. பல கம்பெனிகளின் முழு வசதியுள்ள சர்வீஸ் சென்டருக்கு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் வேலூர்தான் போக வேண்டும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிப் போய் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் போய் எடுத்து வர வேண்டும். தெருமுனைப் பட்டறைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக முடித்து, விடியற்காலை ஷிப்ட்டுக்கு வேனைக் கொடுத்துவிடுகிறார்.

இருந்தும் ஏன் பலர் பயந்துகொண்டு கம்பெனிக்கே போகிறார்கள்? "வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்" என்ற ஒற்றை வாக்கியம்தான் காரணம். இதை விசாரித்து ஓர் அரசு அமைப்பு தீர்ப்பே சொல்லியிருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டாடா, மகிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு உள்ளிட்ட 14 கார் கம்பெனிகள் மீது ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு வராமல் தடுத்தது, அதனால் தனிப்பட்ட மெக்கானிக்குகளைத் தொழிலிலிருந்து ஒதுக்கியது, போட்டி இல்லாத இடத்தில் பாகங்களுக்கு மிகையான விலை வைத்தது ஆகியவைதான் குற்றங்கள். சென்னையையொட்டித் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் மீது 2015-இல் தனியாக 420 கோடி ரூபாய் அபராதம் வந்தது.

அபராதத்தை விட, அந்த ஆணை இட்ட கட்டளைகள்தான் நமக்கு முக்கியம். சப்ளையர்கள் தங்கள் பாகங்களை வெளிச்சந்தையில் விற்கத் தடை இருக்கக் கூடாது. பழுதறியும் கருவிகளும் பழுதுபார்க்கும் கையேடுகளும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக முழு வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது. அந்த வேலையில் நேர்ந்த தவறால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். இதை விடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று வழக்கு நீண்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதிசெய்துவிட்டு அபராதத்தைக் குறைத்தது. கட்டளைகளின் பலன் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 1975-லேயே வாரன்டிச் சட்டம் ஒன்று வந்து, குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தையோ சர்வீஸையோ வாங்கினால்தான் வாரன்டி என்று கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது. நாம் அரை நூற்றாண்டு பிந்தியிருக்கிறோம்.

ஆகவே வாரன்டிக் காலத்தில் கம்பெனி சர்வீஸிலேயே வண்டியை வைத்திருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், ஒரு கியர்பாக்ஸுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட டாக்சிக்காரரால் முடியாது. ரீகால், ஏர்பேக், சாவியின் இம்மொபிலைசர், கணினி மென்பொருள் திருத்தம், ஹைபிரிட் பேட்டரி போன்றவை வாரன்டி முடிந்த பிறகும் கம்பெனி வேலைதான். மற்றதை வேலைக்கு வேலை பிரித்துப் பார்க்க வேண்டும். "கம்பெனி நல்லது", "வெளியில் மலிவு" என்ற பொதுப்பேச்சு உதவாது.

பழைய 2.5 டீசல் இன்னோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சாலைகளில் இன்னும் லட்சக்கணக்கான கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. அதில் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றும் நேரம் வந்தால் மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். அசட்டையாக விட்டு பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். இந்த வேலைக்கு வேண்டியது நல்ல பெல்ட், அதோடு டென்ஷனரும் ஐட்லரும் புதிதாக, குறிகளைப் பிசகாமல் பொருத்தும் கை. அந்தக் கை வேலூரின் பழைய பட்டறைகளில் இருக்கிறது. ஒரே மாடலைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பிரித்துச் சேர்த்தவரிடம் கொடுப்பது, நேற்று பயிற்சி முடித்து வந்த பையன் செய்யும் கம்பெனி வேலையை விடப் பல நேரங்களில் மேல். சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், பிரேக், ரேடியேட்டர், சாதாரண கிளட்ச் எல்லாம் இந்த வகைதான்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டி வேறு ஜாதி. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி அதில் இருக்கிறது. அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். டிரம்மில் இருக்கும் ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால் சாம்பல் வடிகட்டியில் படியும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் எண்ணை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். பழுது எண்ணைப் படிக்க மட்டும் தெரிந்த மலிவு ஸ்கேனரால் இது நடக்காது. டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள வண்டியில், பழைய வழக்கப்படி ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் பிடித்து மாட்டுவதும் ஆகாது. இவற்றுக்கெல்லாம் கருவி இருக்கிறதா என்று பட்டறையில் நேராகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் "என்னிடம் இல்லை, கம்பெனிக்கே போங்கள் சார்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்பவரை நம்பி மற்ற வேலைகளைக் கொடுக்கலாம்.

கம்பெனி சர்வீஸின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். கை வைப்பவரை நாம் பார்ப்பதே அரிது. அட்வைசருக்கு மாத இலக்கு உண்டு. எஞ்சின் ஃபிளஷ், ஏசி கிருமிநாசினி, அடிப்பாகப் பூச்சு என்று எஸ்டிமேட்டில் ஏறும் வரிகளில் பல அந்த வண்டிக்குத் தேவைப்படாதவை. ஒரு சின்ன புஷ் தேய்ந்திருந்தால் முழு ஆர்ம் அசெம்பிளியே மாற்றப்படும். கம்பெனி நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். மறைமலைநகரில் தயாரித்துவந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஷெவர்லே விற்பனை அதற்கு முன்பே, 2017-இல் நின்றுவிட்டது. ஃபோர்டின் ஃபிகோவும் ஷெவர்லேயின் பீட்டும் இன்றும் ஓடுவதில் வெளிப் பட்டறைகளின் பங்கு பெரிது.

பட்டறையின் குறையையும் சொல்ல வேண்டும். பில் கிடையாது. போட்ட பாகம் அசலா போலியா என்பதற்கு வாய்வார்த்தைதான் சாட்சி. குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதிக்காக ஆய்வகச் சான்றிதழ் வாங்கி அனுப்பும் ஏற்றுமதியாளர்கள் நிறைந்த ஊர் இது. அதே ஊரில் பிரேக் பேடு வந்த பெட்டியைக் கூடக் காட்டாமல் வண்டி கைமாறுகிறது. பில் கேட்டால் வரி ஏறும் என்பார்கள். உதிரிபாகங்களுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அந்தச் சாக்கும் ஓரளவு குறைந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்சிக்காரரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ஆனால் பில் இல்லாவிட்டால் எதை வைத்துப் புகார் கொடுப்பது? எழுத்தில் எஸ்டிமேட், கழற்றிய பழைய பாகம், புதியதின் காலிப் பெட்டி, பில் ஆகிய நான்கையும் கம்பெனியிலும் கேளுங்கள், பட்டறையிலும் கேளுங்கள்.

இந்த வட்டாரத்துக்காரர்கள் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: கழிவு ஆயில் எங்கே போகிறது? தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. கழிவு ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. பெரிய சர்வீஸ் சென்டரில் இதற்குக் கணக்கு இருக்க வேண்டும். சிறு பட்டறையில் பல இடங்களில் அது சாக்கடைக்குப் போகிறது. இதில் என்னால் பட்டறைக்காரருக்குப் பரிந்து பேச முடியாது. வாரம் ஒருமுறை வந்து சேகரித்துப் போக நகராட்சி ஒரு வண்டி அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதி அரசின் கையில். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. மோட்டார் வாகனத் துறையும் அதில் ஒரு பிரிவு. தகவலைத் திரட்டி வைப்பதற்கு மேல், பழுதறியும் மென்பொருளை நியாயமான கட்டணத்தில் எந்தப் பட்டறைக்கும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். 2014 ஆணையில் எழுதியிருப்பது அதுதான். அதோடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஐடிஐ-களில், ஏற்கெனவே பட்டறை நடத்துபவர்களுக்கு பிஎஸ்-6, மின்வாகனப் பயிற்சியை மாலை வகுப்பாக நடத்தலாம். வகுப்பறையும் கருவிகளும் இருக்கும் இடத்தில், பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு மாலையில் கதவைத் திறந்து வைப்பதுதான் பாக்கி.