வழுவமைதி போதும்

இலக்கணம் படித்தவர்களுக்கு வழுவமைதி புதிதன்று. பிழைதான், ஆயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். செய்யுளில் அது இருந்துவிட்டுப் போகட்டும். இயங்குதளத்தின் கருனிக்கும் அதே சலுகையைக் கேட்கிறவர்களோடுதான் நமக்கு வழக்கு.

2005இல், லினக்ஸ் கருனியின் நினைவக மேலாண்மையில் இருந்த ஒரு வழுவுக்கு லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தம் எழுதினார். ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் அது சிக்கல் உண்டாக்கவே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏட்டளவில் மட்டுமே நிகழக்கூடியது என்று அன்று எண்ணப்பட்ட வழு அது. 2016 அக்டோபரில் அதுவே 'டர்ட்டி கவ்' என்ற பெயரோடு வெளிப்பட்டது. படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. அவ்வழியே நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் தப்பவில்லை. திருத்தம் வருமுன்பே தாக்குபவர்கள் அதைக் கையாண்டிருந்தனர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாமே சரியாகத் தீர்க்காமல் விட்டது இது என்று திருத்தக் குறிப்பிலேயே டோர்வால்ட்ஸ் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நம் வணக்கம்.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்றே. எந்த வழு நாளை ஆயுதமாகும் என்று இன்றே அறியும் ஞானதிருஷ்டி, நிரலை எழுதியவருக்குக்கூட இல்லை.

2024 பிப்ரவரியில், பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ எண்களை வழங்கும் உரிமையைக் கருனிக் குழுவே பெற்றது. பாதுகாப்பைத் தொடக்கூடும் என்று தோன்றும் திருத்தங்களுக்கெல்லாம் எண் கொடுத்தது. அவ்வாண்டில் மட்டும் ஆயிரக்கணக்கான எண்கள். உடனே கூக்குரல் எழுந்தது: இத்தனையை யார் படிப்பது? முக்கியமானதை மட்டும் சொன்னால் போதாதா?

பழைய கருனியை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் நாலைந்து திருத்தங்களை மட்டும் பொறுக்கி ஒட்டிக் காலம் தள்ளியவர்களின் குரலே இதில் ஓங்கி ஒலித்தது. நூலின் இறுதியில் பிழைதிருத்தம் நீண்டுவிட்டது என்பதற்காகப் பட்டியலையா கிழிப்போம்? திருத்திய பதிப்பைக் கேட்போம். கருனிக்கோ திருத்திய பதிப்பு ஏறக்குறைய வாரந்தோறும் வருகிறது, அதுவும் இலவசமாக.

வங்கியும் மருத்துவமனையும் வாரந்தோறும் கணினியை நிறுத்தித் தொடங்க முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. திருத்தமே புதுச் சிக்கலைக் கொண்டுவரலாம் என்பதற்கு 2005ஆம் ஆண்டுக் கதையே சாட்சி. ஆனால் அதற்கு மருந்து சோதனைதானே? சோதிக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். எது முக்கியம் என்று ஊகித்துப் பொறுக்குவதைச் சோதனை என்று அழைக்காதீர்கள்.

நண்பர்களே, இது நிரலாளர்களின் உள்வீட்டுச் சண்டையன்று. உங்கள் சட்டைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி எனில், அதனுள்ளும் இயங்குவது இக்கருனிதான். எங்கோ திருத்தப்பட்ட ஓட்டை, விற்றவர் அனுப்பாததால் உங்களிடம் திறந்தே கிடக்கலாம். அடுத்தமுறை கடைக்குச் செல்லும்போது கேமராவைப் பற்றி விசாரிக்குமுன் ஒன்று கேளுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவீர்கள்?

விடை சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.