பாட்டியின் லைஃப் ஜாக்கெட்

அரையாண்டுத் தேர்வு வந்தால் எங்கள் அடுக்ககத்தில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, மிக்சி. இன்னொன்று, மனப்பாடம். மாடி வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். படிக்கட்டில் உட்கார்ந்து 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரையை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். தன் சுற்றுலாவைத் தானே மனப்பாடம் செய்யும் அதிசயத்தைக் கண்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்ஸ் புத்தகங்களோடு எனக்குப் பழைய பகை.

ஏட்டை வாங்கிப் பார்த்தேன். முன்னுரை, பயண ஏற்பாடு, வழிநெடுகக் கண்டவை, முடிவுரை. காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்ப, பசுமையான வயல்வெளிகள் கண்ணுக்கு விருந்தளிக்க, பறவைகள் கீச்சிட, அவர்கள் கன்னியாகுமரிக்குப் போயிருக்கிறார்கள்.

"எத்தனை மணிக்கும்மா பஸ் ஏறினீங்க?"

"ராத்திரி ஒன்பதுக்கு, கிளாம்பாக்கத்துல."

"அப்புறம் வயல் எப்படித் தெரிஞ்சுது?"

"அங்கிள், கட்டுரையில அப்படித்தான் எழுதணும்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒரு நெடுவினாவுக்கு 8 மதிப்பெண். குறிப்புகளைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்வார்கள். உட்தலைப்பு இருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிற திருத்தும் கைக்கு வயலைப் பற்றிய சந்தேகம் எழ நேரம் ஏது? எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளைப் பத்துக்குத் தயார் செய்கிறோம்.

சரி, அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகும்போது பாட்டி லைஃப் ஜாக்கெட் போட மறுத்துவிட்டாராம். "ஊர்ப்பட்ட வேர்வையும் இதுலதான் இருக்கு, நான் தொட மாட்டேன்." போடாவிட்டால் இறங்கச் சொல்லிவிட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்துகிறார்கள். அப்பா கெஞ்சுகிறார். கடைசியில் தன் பழைய சேலைத் துணியை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு பாட்டி மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து கரையில் இறங்கியதும் கழற்றச் சொன்னால், "இருக்கட்டுமே, காத்துக்கு இதமா இருக்கு" என்று நின்றாராம்.

இத்தனையையும் கைகால் ஆட்டி, பாட்டி குரலில் ஒரு தடவை, படகுக்காரர் குரலில் ஒரு தடவை நடித்துக் காட்டினாள். ஒருவருக்கு ஒன்று வேண்டாம், இன்னொருவர் விடமாட்டேன் என்கிறார், நடுவில் அப்பா தவிக்கிறார். கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "இதை எழுதேன்" என்றேன். "மார்க் போயிடும்" என்றாள்.

பிள்ளைகளின் பேச்சை எழுதத் தெரிந்த சிறுகதையாசிரியர் கு. அழகிரிசாமியை அன்று ராத்திரி எடுத்தேன். 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் திரும்ப வாசித்தேன்.

பிள்ளைகளின் சண்டையில் தொடங்குகிற கதை அது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் செல்லையா, தம்பையா, மங்கம்மாள். எதிர்த் தரப்பில் பணக்கார வீட்டு ராமசாமி. பாடப் புத்தகத்தைப் புரட்டி, யார் பக்கத்தில் படம் வருகிறது என்று போட்டி. அது முற்றி, எங்கள் வீட்டில் இன்னது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று ஆகிவிடுகிறது. அந்தக் குடும்பம் வறுமையில் வாடியது என்று ஆசிரியர் முன்னுரை கொடுப்பதில்லை. பிள்ளைகள் எதைச் சொல்லிப் பெருமையடிக்க முடிகிறது, எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள் என்பதிலேயே வீட்டின் நிலவரம் முழுக்க வந்துவிடுகிறது.

பிறகு தீபாவளி. உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வாசலுக்கு வருகிறான். பெயர் ராஜா. அம்மா தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டுகிறாள். கட்ட அவனுக்குத் துணியில்லை. வீட்டில் கொடுக்க இருப்பது புருஷனுக்காக வாங்கிய ஒரு துண்டுதான். அது அவனுக்குப் போகிறது. இந்த இடத்தில் 'கருணைக்கடல்' என்றொரு சொல்லைப் போட நோட்ஸ்காரருக்குக் கை அரிக்கும். அழகிரிசாமி துண்டோடு நிறுத்திக்கொள்கிறார். ராமசாமி வீட்டுக்கு அவன் அக்காள் புருஷனான 'ராஜா' வந்திருக்கிறார். அவன் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளும்போது மங்கம்மாள் தருகிற பதில்தான் கதையின் தலைப்பு. அவள் வாயிலிருந்து அது நியாயமான போட்டிப் பேச்சாகத்தான் வருகிறது. கண் கலங்குவது நம் பாடு.

ஒரு வாக்கியம் கூடப் பிள்ளைகளுக்குப் புரியாதது அதில் இல்லை. பிள்ளைகள் பேசுகிறபடியே பேச்சு. துண்டு, சிரங்கு, புத்தகப் படம் என்று கையால் தொடக்கூடிய பொருள்கள். கால அளவு கூடப் பெரிதில்லை, ஒரு தீபாவளியை ஒட்டிய பொழுது. நம் பிள்ளைகளோ சுற்றுலாவின் மூன்று நாளையும் ஒன்றரைப் பக்கத்தில் திணித்து, எதையுமே பார்க்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். படகில் ஏறிய பத்து நிமிஷம் போதும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அழகிரிசாமி பிறந்தது 1923-இல், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில். அதே ஊரில் அதே ஆண்டு பிறந்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், ஒதுங்கியும் மழையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டவர். பின்னால் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்காரவைத்தது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. மழையைப் பார்த்தவனிடம் கதிரவனின் பொற்கதிர்களை எழுதச் சொல்லாமல் இருந்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுத உட்காரும் முன் பிள்ளையை வாயால் சொல்ல வையுங்கள். குறுக்கே கேளுங்கள். அப்புறம் என்ன ஆச்சு? பாட்டி என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லு. அப்பா கையில என்ன வெச்சிருந்தார்? சொன்னதை அப்படியே எழுதட்டும். சந்திப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரியிலேயே சிவப்பு மையை எடுத்தால், பாட்டி ஓடிப்போய்க் கதிரவன் வந்துவிடுவான். முடிவில் 'மகிழ்ச்சிக்கு அளவே இல்லை' என்று வந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கலாம்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாற்பது ஏட்டைத் திருத்துகிற சிரமம் தெரிகிறது. தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் ஒரே ஒரு பிரிவேளையை அழகிரிசாமிக்குக் கொடுங்கள். அந்தக் கதையை உரக்க வாசித்துக் காட்டுங்கள். முடித்ததும், 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.