உம்மாவிடம் கேட்டீர்களா?



மார்புப் புற்றுநோயுள்ள தாயொருவரின் மகன் இவ்வாறு எழுதியிருக்கிறார்: "புதிய சிகிச்சையொன்றைப் பரீட்சித்துப் பார்க்கும் ஆய்வில் உம்மாவைச் சேர்க்கலாமா என்று டொக்டர் கேட்கிறார். மார்க்கத்தில் இது கூடுமா? நோயின் பெயரை நாங்கள் உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை."

கேள்விக்குப் பதில் எளிது. நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நன்மை எதிர்பார்க்கத்தக்கதும், தீங்கு எவ்வளவென்று ஆராயப்பட்டதும், நோயாளி விளங்கிச் சம்மதித்ததுமான ஆய்வில் சேர்வதற்குத் தடையில்லை. கடிதத்தின் கடைசி வசனம்தான் கடினமானது.

இத்தகைய ஆய்வு படிப்படியாக நடப்பது. முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பார்கள். அடுத்து நோய் குறைகிறதா என்று பார்ப்பார்கள். பின்னர் நூற்றுக்கணக்கானோரிடம், வழக்கமான சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது அதை நிறுத்தி வெறும் மாத்திரை கொடுப்பது முறையல்ல. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கப்படும். இது சூது அல்லவா என்று சிலர் திகைக்கலாம். பயணத்தில் எந்த மனைவியை அழைத்துச் செல்வதென்று நாயகம் (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கியதை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். பாரபட்சத்தை நீக்கும் குலுக்கல் வேறு, சூது வேறு.

இதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம். ஒரு காலத்தில் மார்பில் புற்றுக்கட்டி என்றால் மார்பு முழுவதையும் அகற்றிவிடுவதே வழக்கம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொக்டர் பேர்னாட் ஃபிஷர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. கட்டி 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத பெண்களில் ஒரு சாராருக்கு முழு மார்பும் அகற்றப்பட்டது. ஏனையோருக்குக் கட்டியும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் மாத்திரம் அகற்றப்பட்டன. அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதிர்ச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 1,851 பெண்களின் 20 வருட விபரம் 2002இல் வெளியானபோது, உயிர் வாழ்வதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. கதிர்ச் சிகிச்சை பெற்றோரிடம் அதே மார்பில் நோய் திரும்புவதும் வெகுவாகக் குறைந்திருந்தது. இன்று எத்தனையோ தாய்மார் மார்பை இழக்காமல் சுகம் பெறுவதில், முகமறியாத அப்பெண்களுக்கும் பங்குண்டு.

மறுபக்கமும் உண்டு. 1963இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஒரு வைத்தியசாலையில், நோயுற்றுத் தளர்ந்திருந்த 22 பேருக்கு உயிருள்ள புற்றுநோய்க் கலங்களை ஊசியால் ஏற்றினார்கள். அவை இன்னவென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதுவும் மருத்துவ ஆய்வுதான். முன்னையதிலிருந்து இதைப் பிரிப்பது நோயாளியின் சம்மதம்.

எனவே, சகோதரரே, நோயின் பெயரையே அறியாத உம்மா எதற்குச் சம்மதிப்பார்? அவருடைய உடல் அல்லாஹ் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அன்பு மகனாயினும் அவருக்குப் பதிலாக நீங்கள் "ஆம்" என்று சொல்ல முடியாது. தாங்கமாட்டார் என்று அஞ்சுகிறீர்கள். மஹரகமையில் வரிசையில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு, அங்கே எந்த நோய்க்கு வைத்தியம் செய்கிறார்கள் என்பது தெரியாமலா இருக்கும்? பல வீடுகளில் பிள்ளைகள் உம்மாவுக்கு மறைக்கிறார்கள். தனக்குத் தெரியும் என்பதை உம்மா பிள்ளைகளுக்கு மறைக்கிறார். இருவரும் தனித்தனியே அழுகிறார்கள்.

அவருக்கு நெருக்கமான ஒருவர் பக்கத்தில் இருக்க, டொக்டரைக் கொண்டு மெதுவாகச் சொல்லச் செய்யுங்கள். பின்னர் உம்மாவே கேட்கட்டும்: இந்த ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? பக்க விளைவு என்ன? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? செலவு யாருடையது? ஒழுக்கநெறிக் குழு அனுமதித்திருக்கிறதா? இலங்கை மருத்துவ சங்கம் 2006 முதல் பேணிவரும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இது பதியப்பட்டிருக்கிறதா? பத்திரத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறுதலாக வாசியுங்கள். இஸ்திகாராத் தொழுது முடிவெடுக்கட்டும். சேர்ந்த பின்னரும் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் வழமையான வைத்தியம் நிறுத்தப்படலாகாது.

இந்த ஆய்வு சுகத்துக்கு உத்தரவாதமல்ல. ஷிபா அல்லாஹ்விடமே உள்ளது. உம்மா விளங்கிக்கொண்டு "சரி" என்றால், நாளை வரும் தாய்மாருக்கும் பயன்படுமென்ற அவரது நிய்யத்துக்குக் கூலியுண்டு. "வேண்டாம்" என்றால் அதில் குற்றமில்லை, அவரை வற்புறுத்தாதீர்கள்.

நோயுற்ற நம் தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை அளிப்பானாக. ஆமீன்.