கெமரா வாங்க முன் அடப்டரைப் பாருங்கள்



பாடசாலைக்கு வைஃபை, பள்ளிவாசலுக்குக் கெமரா, மையவாடி வாசலுக்கும் ஒரு கெமரா. எமது ஊர்ப் பணம் இப்போது இவற்றுக்கும் செலவாகிறது. நல்ல விடயம்தான். ஆனால் பெட்டியைக் கையளிக்கும் போட்டோவோடு எமது அக்கறை முடிந்து விடுகிறது. அதற்குக் கரண்ட் எப்படிப் போகிறது என்று நாம் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. பாடசாலையின் மேல் மாடி விறாந்தையில் வைஃபை பூட்டியபோது 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னலால் இழுத்திருந்தார்கள். மழைச் சாரல் படும் இடம், பிள்ளைகளின் கை எட்டும் உயரம். பயந்துபோய் அதைக் கழற்றிவிட்டு, நெட்வேர்க் கேபிளிலேயே கரண்ட் அனுப்பும் அடப்டர் ஒன்றை மலிவாக வாங்கினோம். ஒருநாள் அந்தக் கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகினோம். அதன் நெட்வேர்க் போர்ட் எரிந்து போனது.

பிழை அந்த முறையில் இல்லை. பவர் ஓவர் ஈதர்நெட் எனப்படும் இது மிக நல்ல ஏற்பாடு. அடப்டர் கீழே ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே போவது ஒரே ஒரு கேபிள், 100 மீற்றர் வரை போகலாம். அதில் பொதுவாக 48 வோல்ட் அளவுதான் இருக்கும்.

ஏன் 12 அல்ல, 48? நாம் வகுப்பில் படிப்பிக்கும் கணக்குத்தான். 12 வொட் சாதனத்துக்கு 12 வோல்ட்டில் 1 அம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் 0.25 அம்பியர் போதும். மின்னோட்டம் நான்கில் ஒன்றானால் கேபிளில் சூடாக வீணாவது பதினாறில் ஒன்றாகிவிடும்.

ஆனால் அடப்டரில் இரண்டு வகை உண்டு. 802.3ஏஎஃப் (2003, 15.4 வொட்), 802.3ஏடி (2009, 30 வொட்) ஆகிய தரங்களுக்கு அமைந்தவை, மறுமுனையில் இருப்பது கரண்ட் ஏற்கும் சாதனமா என்று முதலில் சோதித்துப் பார்க்கும். இல்லையென்றால் அனுப்பாது. மற்றது 'பெசிவ்' வகை. பெரும்பாலும் 24 வோல்ட். எதையும் சோதிக்காமல் அனுப்பிவிடும். தனக்குரிய சாதனத்தோடு அது பிரச்சினையில்லை, மாற்றிச் செருகினால்தான் ஆபத்து. நாங்கள் வாங்கியது இந்த வகை.

கேபிளிலும் ஏமாறுகிறோம். செம்பு பூசிய அலுமினியக் கம்பி பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். தடை அதிகம் என்பதால் கூடுதலாகச் சூடாகும், தூரத்தில் உள்ள கெமராவுக்குப் போதிய வோல்ட் போய்ச் சேராது.

ஆகவே, அடுத்த முறை விலைமனு வந்தால் நிருவாகத்தினர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அடப்டர் எந்தத் தரம்? சாதனத்துக்குத் தேவையான வொட்டைக் கொடுக்குமா? கேபிள் முழுச் செம்பா? சில ஆயிரம் ரூபாய் கூடலாம். ஆனால் கரண்ட் போனாலும், கீழே ஒரு யூபிஎஸ் வைத்தால் மேலே உள்ளவையும் வேலை செய்யும்.

ஊர்ப் பணம் அமானிதம். கொடுப்பதோடு கடமை முடியாது. அது பாதுகாப்பாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் எமது பொறுப்புத்தான்.