நேர்கோடு: யாருக்குப் பெயர்?

வட்டம் போடுவது சுலபம். ஒரு ஆணி, ஒரு கயிறு போதும். கொத்தனாரைக் கேட்டால் சொல்வார். நேர்கோடு? ரூலரை வைத்துப் போடலாம் என்பீர்கள். அந்த ரூலரின் விளிம்பு நேர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இன்னொரு ரூலர். அதாவது நாம் போடுவது நகல். மூலம் எங்கோ இருக்கிறது. உருட்டு ரூலரால் பதிவேடுகளுக்குக் கோடு போட்டே காலம் தள்ளிய குமாஸ்தா நான். மூலத்தைத் தேடும் புத்தி போகவில்லை.

ரூலரே இல்லாமல், கீல் வைத்த சட்டங்களை மட்டும் கொண்டு ஒரு புள்ளியை நேராக ஓடவைக்க முடியுமா? வெகுநாள் யாராலும் முடியவில்லை. நீராவி எந்திரத்தின் பிஸ்டன் தண்டு நேராக மேலும் கீழும் போகும். அதோடு சேர்ந்த உத்தரத்தின் நுனியோ வளைந்து போகும். இரண்டையும் இணைக்க ஜேம்ஸ் வாட் 1784-ல் ஒரு சட்ட அமைப்பு செய்தார். தன் கண்டுபிடிப்புகளில் அதைத்தான் பெருமையாக நினைத்தார். ஆனால் அது போடுவது நீண்டு மெலிந்த 8. அதன் நடுப்பகுதி மட்டும் ஏறக்குறைய நேர்.

சுத்தமான நேர்கோடு போட்டவர் என்று எல்லாரும் சொல்வது பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் பொசெலியேயை. 1864-ல் அறிவித்தார். ஏழு சட்டங்கள். அழகான வேலை, மறுக்கவில்லை. ரஷ்யாவில் லிப்கின் என்ற மாணவரும் 1871-ல் தனியாக அதையே கண்டார். பொசெலியேவுக்கு மோந்தியோன் பரிசு கிடைத்தது. லண்டனில் சில்வெஸ்டர் 1874-ல் அதைப் பற்றிச் சொற்பொழிவே செய்தார்.

என் கட்சி வேறு. ஸ்ட்ராஸ்பூர் பேராசிரியர் சாரூஸ் (கடைசி ‘ஸ்’ஸை விழுங்கக் கூடாது) 1853-லேயே பாரிஸ் அறிவியல் அகாடமிக்குக் குறிப்பு அனுப்பி, அது அச்சிலும் வந்துவிட்டது. பதினொரு வருஷம் முந்தி! தேதி முத்திரை விழுந்த தபாலைக் கோப்பில் வைக்காமல் விட்ட கதைதான். மனுஷர் 1861-ல் காலமாகிவிட்டார். நினைவூட்டு அனுப்பவும் ஆளில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும்: 3×3 டிடெர்மினன்ட் கணக்கில் வருகிற ‘ரேக்ல் த சாரூஸ்’. பிரெஞ்சில் விதிக்கும் ரூலருக்கும் ‘ரேக்ல்’ ஒன்றே சொல். அவருடைய விதியைத்தான் நெட்டுருப் போட்டோம். ரூலர் இல்லாமல் அவர் கண்ட நேர்கோட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அவருடையது ஒரே தளத்தில் அடங்காது, இடத்தில் எழும்பும் என்பதால் தனி இனம் என்று ஒதுக்குகிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. கேட்டது கீல்களால் நேர் அசைவு, அதைத் தந்தார். முதல் பெயர் அவருக்குத்தான் சேர வேண்டும். பள்ளியிலும் பொசெலியேவுக்கு முன் சாரூஸைக் காட்டலாம். பத்து வயதுப் பிள்ளைக்கே புரியும்.

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு சதுர அட்டைகள், ஒன்றன் மேல் ஒன்று. ஒரு பக்கத்தில் இரண்டையும் இணைத்து, நடுவில் மடியும் பட்டை ஒன்று. அடுத்த பக்கத்தில், முதலாவதற்குச் செங்குத்தாக, அதே அளவில் இன்னொன்று. ஒரு பட்டை விடுகிற ஆட்டத்தை மற்றது விடாது. இரண்டும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது மேலே, கீழே என்ற ஒரே அசைவுக்கு. கல்யாணப் பத்திரிகை அட்டை துவண்டுவிடும். புடவைப் பெட்டி அட்டைதான் சரி. கீலுக்குத் துணி ஒட்டுங்கள்.