மானியம் வந்தது, மருந்து வந்ததா?

மலையக மக்களின் சுகாதார மேம்பாட்டுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்ற செய்தியை வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது பத்திரிகையில் பார்க்கிறோம். வரவு செலவுத் திட்டத்தின்போது ஒரு தடவை வரும். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்துபோனால் இன்னொரு தடவை. தேர்தல் நெருங்கிவிட்டால் கணக்கே இல்லை. அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. டொக்டர் ஐயாவுக்கு இன்று பக்கத்துத் தோட்டத்தில் வேலை. அப்படியானால் அந்தக் கோடிகள் எங்கே? திருடப்பட்டன என்று நாம் எழுந்தமானமாகச் சொல்ல வரவில்லை. ஒரு மானியம் கொழும்பிலிருந்து புறப்பட்டு மேட்டு லயத்துக்கு வந்து சேரும் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பதையே இங்கு பேசுகிறோம்.

எமது சுகாதாரம் தொடக்கத்திலிருந்தே அரசாங்கத்தின் பொறுப்பாக இருந்ததில்லை. தோட்டத்துக்கு மருந்தும் வைத்திய வசதியும் கொடுக்க வேண்டியவர் தோட்டத்துரை என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. கூலியாள் படுத்துவிட்டால் கொழுந்து நிற்கும் என்ற கவலையில் பிறந்த சட்டம் அது. 1948இல் எமது பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. கிராமங்கள்தோறும் இலவச வைத்தியமும் மருத்துவிச்சியும் கிளினிக்கும் பரவிய காலத்தில் நாம் தோட்ட எல்லைக்குள் நிர்வாகத்தின் ஆட்களாகவே இருந்தோம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1990களின் நடுப்பகுதியில் அரசாங்கம் தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது, ஆனால் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கவில்லை.

இதனால் இன்று ஒரே மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையது, அடுத்த மலையில் உள்ள டிஸ்பென்சரி கம்பனியுடையது. சுகாதாரத் திணைக்களத்தில் கேட்டால் அது தோட்டத்தின் பொறுப்பு என்கிறார்கள். தோட்டத்து ஒபிசில் கேட்டால் அரசாங்கத்திடம் கேளுங்கள் என்கிறார்கள். மானியம் வந்து விழுவதும் இந்த இடைவெளிக்குள்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. குடும்பநல உத்தியோகத்தர்கள் இன்று லயத்து வாசல்வரை வருகிறார்கள். அட்டைக் கடியையும் மழையையும் பாராமல் நடந்து வந்து தடுப்பூசி போடுகிறார்கள், பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறார்கள். எமது பிள்ளைகள் பலர் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பெண்களும் காரணம். எம்முடைய குறை அவர்கள் மேல் அல்ல. அவர்களின் எண்ணிக்கை போதாது என்பதும், தமிழ் பேசத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு என்பதும்தான் குறை. மாத்திரை உறையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாத தாய் அதை எத்தனை வேளைக்குக் கொடுப்பாள்?

இந்திய அரசாங்கத்தின் நன்கொடையில் கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி 150 கட்டில்களுடன் 2017 மே மாதம் 12ஆம் திகதி திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமரே நேரில் வந்து திறந்து வைத்தார். 1990 அம்புலன்ஸ் சேவையும் இந்திய உதவியில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள், இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் 1990க்குத் தொலைபேசி எடுத்தால் அம்புலன்ஸ் எதுவரை வரும்? பிரதான வீதிவரை வரும். அதற்கப்பால் குண்டும் குழியுமான கரத்தை ரோட்டு. குளவி கொட்டியவரையும் வலி கண்ட பெண்ணையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பது கொழுந்து லொறிதான், இல்லாவிட்டால் நாலு பேரின் தோள்.

அந்த ரோட்டு ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதற்கும் சட்டத்தில் ஒரு காரணம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய சபை எமது ரோட்டுக்கு ஒரு தட்டு மண் போட முடியாமல் இருந்தது! 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இன்றைக்கும் 33ஆம் பிரிவைச் சொல்லிக் கையை விரிக்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், அது பழைய கதை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இனிப் பணத்தின் அளவைப் பார்ப்போம். மலையக மக்கள் வந்து 200 வருடம் நிறைவானதையொட்டி 2023 ஜூலையில் இந்தியா 75 கோடி இந்திய ரூபாயை அறிவித்தது. இலங்கைப் பணத்தில் ஏறக்குறைய 300 கோடி. பெரிய தொகைதான். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள் 8,39,504 பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 3,600 ரூபாய்கூட வராது. அதுவும் பல துறைகளுக்குமான தொகை, சுகாதாரத்துக்கு மட்டும் வந்ததல்ல. தூரத்து டிவிசனிலிருந்து நோயாளியை ஆட்டோவில் இரண்டு மூன்று தடவை டவுனுக்குக் கொண்டுபோனால் முடிந்துபோகும் காசு. கொடுத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு தடவை வரும் மானியத்தைக் காட்டி, வருடா வருடம் வரவேண்டிய அரசாங்க ஒதுக்கீட்டை மறக்கடிக்கப் பார்க்கிறார்களே, அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

கட்டடத்துக்கு மானியம் கிடைக்கும். திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப்பலகை பதிக்கலாம், படம் பிடிக்கலாம். தாதியின் அடுத்த வருடச் சம்பளத்துக்குத் திறப்பு விழா வைக்க முடியாது. மருந்து தீர்ந்த பிறகு வரும் இரண்டாவது பெட்டிக்கு ரிபன் வெட்ட யாரும் வரமாட்டார்கள். ஆளணி அனுமதி, மருந்துச் செலவு, வாகனத்துக்கு எண்ணெய், பராமரிப்பு ஆகியவற்றை யார் ஏற்பது என்று எழுத்தில் இல்லாத எந்தச் சுகாதார மானியத்தையும் அரை மானியம் என்றே நாம் எண்ணுகிறோம். அரைப்பேர் போட்ட நாளுக்கு முழுச் சம்பளம் வாங்கியதாக யாரும் சொல்வதில்லையே.

இன்னொரு விடயமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல், சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் 32 பேர். இந்தப் பிள்ளைகளின் உயரத்தை ஆஸ்பத்திரிக் கட்டடம் கூட்டாது. கர்ப்பகாலத்தில் தாய் என்ன சாப்பிட்டாள், பீலியில் வருகிற தண்ணீர் சுத்தமானதா, லயத்துக்கு எத்தனை கக்கூஸ், தாய் மலைக்குப் போயிருக்கும் எட்டு மணி நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் என்ன கொடுக்கிறார்கள் என்பவற்றில் இருக்கிறது அது. கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகும் என்று பயந்து நாளைத் தள்ளிப்போடும் தாய்மாரை நாம் அறிவோம். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்று நாம் கேட்பதும் சுகாதாரக் கோரிக்கைதான். அதற்கு எந்த வெளிநாட்டின் நன்கொடையும் தேவையில்லை, நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

தோட்ட டிஸ்பென்சரிகள் முழுவதையும் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அரசாங்கம் எடுத்துவிட்டது என்ற சாக்கில் பிள்ளைக்காம்பராவிலிருந்தும், ராத்திரியில் நோயாளிக்கு வாகனம் கொடுப்பதிலிருந்தும் கம்பனி நழுவுவதற்கு நாம் இடம்கொடுக்க மாட்டோம். கம்பனிகள் நட்டக் கணக்குக் காட்டுவது எமக்குப் புதிதல்ல.

இதில் அங்கத்தவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

சுகாதார அமைச்சு, மாகாண சுகாதாரத் திணைக்களம், பிரதேச சபை ஆகிய மூன்றிடமும் கேளுங்கள். எமது தோட்டத்தின் சுகாதாரத்துக்கெனக் கடந்த ஐந்து வருடங்களில் வந்த தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது, எமது பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவிச்சிப் பதவிகள் எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை? கேள்வி இவ்வளவு சுருக்கமாக இருந்தால் பதிலைச் சுற்றி வளைக்க முடியாது. தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். மாதிரி விண்ணப்பங்கள் எமது மாவட்டக் காரியாலயங்களில் தமிழில் வைக்கப்பட்டுள்ளன. வரும் பதிலின் பிரதியொன்றை எமக்கு அனுப்பிவையுங்கள். தோட்டத்தின் பெயர், தொகை, செலவு விபரம் மூன்றையும் அடுத்த இதழ்களில் அப்படியே அச்சிடுவோம்.